சொத்து வரி பில்லுல பாதி வீடு "வணிகம்"னு இருக்கு, பழைய ஓனர் பாக்கி வேற. கட்டிட்டு கேக்கணுமா, கேட்டுட்டு கட்டணுமா?

வீடுவாங்கின_விஜி (ஏப்ரல் 6, இரவு 9:42)

எல்லாருக்கும் வணக்கம். சென்னையை ஒட்டி இருக்கிற ஒரு மாநகராட்சி லிமிட்ல ரீசேல்ல ஒரு தனி வீடு வாங்கியிருக்கோம். கிரவுண்ட் ஃப்ளோர் மட்டும்தான், 980 சதுரடி. ரோட்டைப் பாத்தாப்ல ஷட்டர் போட்ட ஒரு ரூம் இருக்கு, பழைய ஓனர் அதுல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாராம், இப்ப நாங்க அதுல பைக்கும் பழைய கட்டிலும் போட்டு வச்சிருக்கோம். ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுது, பட்டா மாறிடுச்சு, ஈபி பேர் மாத்தியாச்சு, சரி வரியும் பாத்துடலாம்னு ஆன்லைன்ல பழைய ஓனர் அசெஸ்மென்ட் (வரி மதிப்பீட்டு) நம்பரைப் போட்டா நாலு அரையாண்டு பாக்கி காட்டுது, அதுக்கு மேல அபராதம்னு ஒரு வரி தனியா நிக்குது, பேரு இன்னும் அவரு பேருதான், அதோட கட்டட பயன்பாடுன்ற இடத்துல குடியிருப்பு கொஞ்சம் வணிகம் கொஞ்சம்னு பிரிச்சு போட்டிருக்கு. எங்க பக்கத்து வீடு கிட்டத்தட்ட இதே அளவு, அவங்க கட்டுறதப் போல டபுளுக்கு மேல வருது எங்களுக்கு.

ஏப்ரல் முடியறதுக்குள்ள கட்டுனா தள்ளுபடி உண்டுன்னு வேற சொல்றாங்க. இதை அப்படியே கட்டிடணுமா, இல்ல முதல்ல தப்பை சரி பண்ணச் சொல்லிட்டு கட்டணுமா? பழைய பாக்கியை நான் ஏன் கட்டணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். வீட்டுக்காரர் "கட்டித் தொலைச்சுடு"ங்கறாரு, எனக்கு மனசு வரல.

சும்மா_வந்தேன் (ஏப்ரல் 6, இரவு 10:05)

பாக்கி இருந்தா பழைய ஓனர்தான் கட்டணும். நீங்க வாங்குன தேதில இருந்துதான் உங்க பொறுப்பு. ஆபீஸ்ல போய் தெளிவா சொல்லிடுங்க.

வக்கீல்_மேரி (ஏப்ரல் 6, இரவு 10:31)

மேல இருக்கிற பதில் பாதி சரி, பாதி ஆபத்து. வித்தவர் விக்கிற தேதி வரைக்கும் உள்ள வரி பாக்கியைத் தீர்த்துக் கொடுக்கணும்ங்கிறது சொத்து மாற்றுச் சட்டத்துலயே இருக்கு, 55வது பிரிவு. ஆனா அது உங்களுக்கும் வித்தவருக்கும் நடுவுல உள்ள கணக்கு. மாநகராட்சிக்கு அந்தக் கணக்கு தேவையே இல்ல. சொத்து வரி ஆளு மேல மட்டும் இல்ல, கட்டடத்து மேலயே ஏறி நிக்கிற கடன், கட்டடம் யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். அதனால ஆபீஸ்ல போய் "அவர்கிட்ட வாங்கிக்கோங்க"ன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க, பாக்கி உங்க வீட்டு மேலயேதான் நிக்கும்.

நிறைய பேரு "வில்லங்கம் போட்டுப் பாத்தோம் கிளியரா இருந்துச்சே"ம்பாங்க. வில்லங்கத்துல பதிவு ஆபீஸ்ல பதிவான பத்திரம்தாம்மா வரும், வரி பாக்கி, தண்ணி பாக்கி, ஈபி பாக்கி எதுவும் வராது. பத்திரத்துக்கு முன்னாடியே கடைசி அரையாண்டு வரி ரசீதை ஒரிஜினலா வாங்கிப் பாக்கணும்னு நான் கட்சிக்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன், எல்லாரும் பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் பத்து தடவை படிப்பாங்க, வரி ரசீதைத் தொடவே மாட்டாங்க.

உங்க கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க விஜி. "இதுநாள் வரையிலான வரி பாக்கிகள் அனைத்தும் விற்பனையாளரே செலுத்துவார்"ங்கிற மாதிரி ஒரு பாரா கண்டிப்பா இருக்கும், எல்லா டாக்குமெண்ட் ரைட்டரும் போடுறதுதான். அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸாப்ல அவருக்கு அனுப்பி, பாக்கி ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி, மரியாதையா கேளுங்க. கேஸுக்குப் போற அளவு தொகை இல்ல, பேசியே முடிச்சுடலாம்.

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 7, காலை 6:18)

மேடம் வணக்கம். நான் ஒரு நகராட்சில வருவாய் ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த வரி எப்படிப் போடறாங்கன்னு புரிஞ்சுக்கணும், அது புரியாம எங்க மனு கொடுத்தாலும் வேலைக்காகாது. வீட்டோட மார்க்கெட் விலைக்கும் இந்த வரிக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. உங்க வீடு அம்பது லட்சமா ஒரு கோடியான்னு யாரும் பாக்கல. இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டா நியாயமா எவ்வளவு வரும்னு ஒரு கற்பனை வாடகை போடுவாங்க, அதுதான் ஆண்டு வாடகை மதிப்பு. நீங்க நிஜமா வாங்குற வாடகை கிடையாது அது. தெருவை வச்சு சதுரடிக்கு ஒரு அடிப்படை ரேட்டு, அதை உங்க கட்டடப் பரப்பால பெருக்கி, கட்டடத்தோட வயசு, என்ன மாதிரி கூரை, குடியிருப்பா கடையா எல்லாம் பாத்து கழிச்சு கூட்டி ஒரு எண் வரும். அந்த எண்ணுல இத்தனை சதவீதம்னு வரி. அது மேல 10 சதவீதம் நூலக வரி. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து மார்ச் ஒண்ணு.

இப்ப உங்க பிரச்சனை எங்க இருக்குன்னா அந்த "கடை"ங்கிற ஒரு சொல்லுலதான். குடியிருப்பு ரேட்டும் வணிக ரேட்டும் கொஞ்ச நஞ்சம் வித்தியாசம் கிடையாது. சென்னை மாநகராட்சியையே எடுத்துக்கோங்க, 1998ல போட்ட அடிப்படை ரேட்டு குடியிருப்புக்கு சதுரடிக்கு 60 பைசால ஆரம்பிச்சு 2 ரூபா 40 பைசா வரைக்கும், வணிகத்துக்கு 4 ரூபால ஆரம்பிச்சு 12 ரூபா வரைக்கும். உங்க ஊரு ரேட்டு வேற, ஆனா இடைவெளி இந்த மாதிரிதான் இருக்கும். ஆக ஒரு சின்ன ஷட்டர் ரூம் மொத்த வீட்டு வரி அளவுக்கு இழுத்துட்டு வந்துடும். பக்கத்து வீட்டோட ஒப்பிட்டா டபுள் வருதுன்னா ஆச்சரியமே இல்ல.

அதுக்கு மேல 2022 ஏப்ரல்ல ஏத்துனது. சென்னையைத் தவிர்த்த மத்த மாநகராட்சி நகராட்சி பேரூராட்சிகள்ல குடியிருப்புக்கு 600 சதுரடி வரைக்கும் 25 சதவீதம், 601ல இருந்து 1200 வரைக்கும் 50, 1201ல இருந்து 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. வணிகத்துக்கு சைஸே பாக்கல, நேரா 100. அப்ப உங்க வீட்டுப் பகுதிக்கு 50 ஏறியிருக்கும், ஜெராக்ஸ் ரூமுக்கு 100 ஏறியிருக்கும். ஏற்கெனவே கூட இருந்ததுக்கு மேல கூட.

செய்ய வேண்டியது என்னன்னா, பேர் மாற்றத்துக்கு ஒரு மனு, பயன்பாடு மாற்றத்துக்கு ஒரு மனு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. பேர் மாற்றத்துக்கு கிரயப் பத்திர நகல், வில்லங்கம், கடைசி வரி ரசீது, அடையாள அட்டை போதும். ஆனா பாக்கி இருக்கிறவரை பேரை மாத்த மாட்டாங்க, அதனால அது முதல்ல தீரணும். பயன்பாடு மாற்றத்துக்கு அந்த ரூம் இப்ப எப்படி இருக்குன்னு ஃபோட்டோ, கடை மூடியாச்சுன்னு ஒரு கடிதம். பில் கலெக்டரோ ஆர்ஐயோ நேர்ல வந்து பாப்பாங்க. இங்க ஒரு விஷயம், அந்த ரூமுக்கு தனி ஈபி மீட்டர் இருந்து அது கமர்ஷியல் டாரிஃப்ல ஓடுச்சுன்னா நீங்க என்ன ஃபோட்டோ கொடுத்தாலும் நம்ப மாட்டாங்க. நான் சர்வீஸ்ல இருந்தப்ப முதல்ல பாக்குறதே மீட்டர் கார்டைத்தான். அதை வீட்டு இணைப்பா மாத்திட்டு அப்புறம் மனு கொடுங்க.

மாத்தினா பெரும்பாலும் நீங்க மனு கொடுத்த அரையாண்டுல இருந்துதான் குறையும், பழசுக்குத் திரும்பக் கொடுக்க மாட்டாங்க, அந்தக் காலத்துல அங்க கடை ஓடுனது நிஜம்தானே. அதனால தள்ளிப் போடாதீங்க.

ஆதம்பாக்கம்_அப்பு (ஏப்ரல் 7, காலை 8:50)

ஆர்ஐ சார் கும்பிடறேன், இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. ஒரு சந்தேகம், சென்னைக்குள்ள 2022ல எவ்ளோ ஏத்துனாங்க? எங்களுக்கு 75ன்னு வந்துச்சு, நீங்க 50ங்கறீங்க.

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 7, காலை 9:15)

சென்னைல ரெண்டு விதம் அப்பு. பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள 600 வரைக்கும் 50, 1200 வரைக்கும் 75, 1800 வரைக்கும் 100, அதுக்கு மேல 150. 2011ல புதுசா சேர்த்த பகுதிகளுக்கு மத்த ஊர் மாதிரியே 25, 50, 75, 100. உங்களுக்கு 75ன்னா 601ல இருந்து 1200க்குள்ள பழைய எல்லையிலயோ, இல்ல 1200க்கு மேல சேர்த்த பகுதியிலயோ இருக்கீங்க. ஆதம்பாக்கம் சேர்த்த பகுதிதான், அதனால பில்லுல பரப்பு எவ்வளவுன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஆதம்பாக்கம்_அப்பு (ஏப்ரல் 7, காலை 11:02)

பாத்தேன் சார். 1215 போட்டிருக்கு. பத்திரத்துல 1180. அடப்பாவிகளா 🤦

சும்மா_வந்தேன் (ஏப்ரல் 7, காலை 11:09)

35 சதுரடிக்கு ஒரு ஸ்லாப் தாண்டிட்டீங்களே ப்ரோ 😂

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 7, மதியம் 12:40)

சிரிக்கிற விஷயம் இல்ல, இது நிறைய இடத்துல நடக்குது. அந்த சதவீதம் 1200க்கு மேல உள்ள மிச்சத்துக்கு மட்டும் இல்ல, மொத்த வரிக்கும். கணக்கு போட்டுக் காட்டறேன். அரையாண்டுக்கு 2000 ரூபா கட்டிட்டு இருந்தீங்கன்னு வைங்க. 50 சதவீதம்னா 3000, 75ன்னா 3500. அப்புறம் சென்னையில 2024 அக்டோபர் அரையாண்டுல இருந்து 6 சதவீதம் ஏறுச்சு, அப்ப 3180க்கும் 3710க்கும் உள்ள வித்தியாசம். அரையாண்டுக்கு 530, வருஷத்துக்கு 1060, இனிமே எப்ப ஏறினாலும் அந்த ஏறின தொகை மேலதான் ஏறும். பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட பிளான் ரெண்டோட நகலையும் வச்சு மறு அளவீடு கேளுங்க. ஆனா ஒண்ணு, நேர்ல அளக்கும்போது பின்னாடி நீங்களா இழுத்துக் கட்டுன சமையக்கட்டு ஷெட்டு எல்லாம் இருந்தா அதுவும் சேர்ந்துடும், அதையும் யோசிச்சுட்டு கூப்பிடுங்க.

ஆதம்பாக்கம்_அப்பு (ஏப்ரல் 7, மதியம் 1:11)

சார்… பின்னாடி ஒரு வாஷிங் மெஷின் ஷெட்டு இருக்கு. யோசிக்கறேன்.

கோவை_மில்ரோடு (ஏப்ரல் 7, மாலை 5:33)

ஏனுங்க எல்லாரும் சதவீதத்தைப் புடிச்சுட்டு தொங்கறீங்க, கேக்க வேண்டிய கேள்விய யாருமே கேக்கலீங்களே. வரி ஏத்துறது சரி, எங்க வீதியில பைப் போட நோண்டுன ரோட்டை மூடவே மாட்டேங்கறாங்க, மழை வந்தா ஸ்கூல் வேன் உள்ள வராது, புள்ளைங்கள தூக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போறோம். இதுக்கு நானு வரி கட்டி என்னங்க ஆகப்போகுது? கட்ட மாட்டேன்னு நாலு வீட்டுக்காரங்க சேர்ந்தா அப்பத்தான் அவங்களுக்கு உரைக்கும்.

வக்கீல்_மேரி (ஏப்ரல் 7, மாலை 6:20)

கோபம் நியாயம்ங்க. ஆனா கட்டாம இருந்தா உரைக்கிறது உங்களுக்குத்தான். 2023ல நகர்ப்புற உள்ளாட்சி சட்டமும் புது விதிகளும் நடைமுறைக்கு வந்ததுக்கு அப்புறம் தாமதத்துக்கு மாசம் 1 சதவீதம். வருஷத்துக்கு 12 ஆச்சு, எந்த பேங்க்ல எஃப்டி போட்டா இவ்வளவு வருது சொல்லுங்க. விஜி பில்லுல தனியா நிக்குதுன்னு சொன்னாங்களே அபராதம், அது இதுதான். அதுக்கு அப்புறம் நோட்டீஸ், ஜப்தி, கடையா இருந்தா சீல், சில நகராட்சிகள்ல குடிதண்ணி இணைப்பையே துண்டிக்கிறாங்க. ரோட்டுக்கு வரியை நிறுத்துறது சட்டப்படி ஒரு பதிலா நிக்காது. ரோட்டுக்கு தனியா புகார், தகவல் உரிமைச் சட்டத்துல "இந்த வார்டுல இத்தனை வசூல், இத்தனை செலவு"ன்னு ஒரு மனு, கவுன்சிலரை வார்டு கூட்டத்துல நிக்க வச்சு கேள்வி, இதுக்கெல்லாம் வரி கட்டுன ரசீதோட போனா குரல் வேற மாதிரி வரும்.

கோவை_மில்ரோடு (ஏப்ரல் 7, மாலை 6:48)

ரசீதோட போனாலும் "ஃபண்டு இல்லீங்க"ம்பாங்க. சரி விடுங்க, நானு கட்டிட்டேன்தான், ஏப்ரல் ரெண்டாந்தேதியே கட்டிட்டேன், அஞ்சு பர்சென்ட் விடறதுக்கு மனசு வரலீங்க 😄

தீராதகணக்கு (ஏப்ரல் 7, இரவு 8:27)

ஹாஹா. கொள்கை வேற, தள்ளுபடி வேற.

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், என் பங்குக்கு ரெண்டு விஷயம். முதல்ல அந்த ஊக்கத்தொகை. அரையாண்டோட முதல் 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல் 30க்குள்ள இல்ல அக்டோபர் 30க்குள்ள கட்டுனா 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபா. முன்னாடி சென்னையில 15 தேதிக்குள்ள கட்டணும்னு இருந்துச்சு, இன்னும் சில பேரு அதையே நினைச்சுட்டு "போச்சே"ன்னு விட்டுடறாங்க. ஆனா விஜி அக்கா, பழைய பாக்கி நிக்கும்போது நீங்க கட்டுற பணம் முதல்ல பாக்கிக்குத்தான் போகும், அதனால இந்த மாசத் தள்ளுபடி வேணும்னா பாக்கியை முதல்ல முடிச்சாகணும்.

ரெண்டாவது, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவங்களுக்கு. இன்கம் டாக்ஸ்ல வாடகை வருமானத்துல இருந்து சொத்து வரியைக் கழிக்கலாம், அதுக்கு அப்புறம் மிச்சத்துல 30 சதவீதம் கழிவு. மாசம் 20,000 வாடகைன்னா வருஷம் 2,40,000. சொத்து வரி 12,000 கட்டியிருந்தா 2,28,000. அதுல 30 சதவீதம் 68,400 போக 1,59,600தான் வருமானம். ஆனா ஓனர் கட்டியிருக்கணும், அந்த வருஷமே கட்டியிருக்கணும். பில் வந்துடுச்சு, மார்ச்ல கட்டாம ஏப்ரல்ல கட்டுனேன்னா அது அடுத்த வருஷக் கணக்கு. அதே மாதிரி மூணு வருஷ பாக்கிய ஒண்ணா இந்த வருஷம் கட்டுனா மொத்தமும் இந்த வருஷமே கழிச்சுக்கலாம். நீங்களே குடியிருக்கிற வீட்டுக்கு இது எதுவும் கிடையாது. வாடகைக்காரர் தலையில "வரிய நீங்களே கட்டிக்கோங்க"ன்னு அக்ரிமெண்ட்ல எழுதி வச்சிருக்கிற ஓனர்கள் கவனிக்க, நீங்க கட்டலன்னா கழிக்கவும் முடியாது.

நெல்லை_சீமை (ஏப்ரல் 8, காலை 7:05)

எல்லாரும் மாநகராட்சி கதையாவே பேசுதீய. நம்ம ஊரு பக்கம் ஊராட்சிதான். அம்மா பேருல வீடு, வருஷத்துக்கு வீட்டு வரி பாத்தா ரெண்டு பேரு ஓட்டல்ல போய் சாப்பிடுத காசுதான் வரும், நான் சென்னையில இருந்துக்கிட்டே ஆன்லைன்ல கட்டிப்புடுதேன், 2023ல இருந்து ஊராட்சிக்கும் ஆன்லைன் வந்துட்டுல்லா. என் சந்தேகம் வேற. அம்மா ஒவ்வொரு வருசமும் விஏஓகிட்ட போய் வேற ஏதோ கட்டுதாவ, அதையும் வரின்னுதான் சொல்லுதாவ. ரெண்டு வரியா கட்டுதோம்? இன்னொண்ணு, எங்க ஊராட்சிய பக்கத்து மாநகராட்சியோட சேக்கப் போறதா பேச்சு அடிபடுது, சேத்துட்டா என்ன ஆவும்?

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 8, காலை 8:30)

அண்ணாச்சி, விஏஓகிட்ட கட்டுறது கிஸ்தி, நில வரி. அது வருவாய்த்துறைக்குப் போற பணம், நிலத்துக்கு. வீட்டு வரி ஊராட்சிக்கு, கட்டடத்துக்கு. ரெண்டும் வேற வேற கல்லா, ஒண்ணு கட்டுனா இன்னொண்ணு தீராது. அம்மா சரியாத்தான் செய்யறாங்க.

சேர்த்துட்டா ஏறும், அதை மறைச்சுப் பேசி பிரயோஜனம் இல்ல. 2025 ஜனவரியில நிறைய ஊராட்சிகளை நகரத்தோட சேர்க்கறதா அரசாணை வந்தப்ப ஊர் ஊரா ஜனங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னாங்களே, நூறு நாள் வேலை போயிடும், வரி ஏறிடும்னு, ரெண்டு பயமும் சும்மா வந்தது இல்ல. வீட்டு வரியோட நிக்காது, காலி மனை வச்சிருந்தா காலி மனை வரி வரும், பாதாள சாக்கடை வந்தா அதுக்கு டெபாசிட்டு, மாசக் கட்டணம், குப்பைக்கு தனி. ஆனா சேர்த்த மறுநாளே மாநகராட்சி ரேட்டு விழுந்துடாது, புதுசா அசெஸ் பண்ணித்தான் போடுவாங்க. அப்ப உங்க அம்மா வீட்டுப் பரப்பு, கூரை வகை சரியா ஏறுதான்னு மட்டும் பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க. ஓட்டு வீட்டை கான்கிரீட்னு எழுதிட்டா அதை அப்புறம் மாத்த ரொம்ப அலையணும்.

மாடிவீட்டு_மணி (ஏப்ரல் 8, மதியம் 2:14)

சார் எனக்கும் ஒண்ணு. எங்க வீடு கிரவுண்ட் ப்ளஸ் ஒண்ணு. மாடி கட்டி அஞ்சு வருஷம் ஆச்சு, வரி இன்னும் கீழ் வீட்டுக்கு மட்டும்தான் வருது. நாங்களா போய்ச் சொல்லணுமா? மாடிக்கு பிளான் வாங்கல, சொன்னா இடிக்கச் சொல்லிடுவாங்களோன்னு அப்பா பயப்படறாரு.

வக்கீல்_மேரி (ஏப்ரல் 8, மதியம் 3:40)

வரி போடறது வேற, அனுமதி வேற. அனுமதி இல்லாம கட்டுன கட்டடத்துக்கும் வரி போடுவாங்க, போட்டதால கட்டடம் முறையானதா ஆயிடாது. நிறைய பேரு "வரி ரசீது இருக்கு, அப்ப கட்டடம் லீகல்தான்"னு நினைக்கறாங்க, தப்பு. அதே மாதிரி வரி ரசீது பேருல இருக்கிறதால சொத்து உங்களுதுன்னும் ஆயிடாது, கோர்ட்டு பல தீர்ப்புல சொல்லியாச்சு, வரி ரசீது உரிமைப் பத்திரம் கிடையாதுன்னு. அண்ணன் தம்பி கேஸ்ல "நான்தான் இருபது வருஷமா வரி கட்டறேன்"னு ரசீதுக் கட்டைத் தூக்கிட்டு வருவாங்க பாருங்க, பாவமா இருக்கும்.

உங்க விஷயத்துல, நீங்க சொல்லலன்னாலும் ரொம்ப நாள் மறையாது மணி. சென்னையிலயே ட்ரோன் பறக்க விட்டு, ஜிஐஎஸ் மேப் போட்டு பதிவுல இருக்கிற பரப்பையும் நிஜப் பரப்பையும் ஒப்பிட்டாங்க. அவங்களா கண்டுபிடிச்சா பின்னோக்கி முந்தின அரையாண்டுகளுக்கும் சேர்த்துப் போடுவாங்க, மொத்தமா வந்து விழும்போது தாங்காது. பிளான் விஷயத்தை ஒரு லைசென்ஸ்டு இன்ஜினியரோட உக்காந்து தனியா பேசுங்க, வரியை நீங்களே போய் அசெஸ் பண்ணச் சொல்லுங்க.

சும்மா_வந்தேன் (ஏப்ரல் 8, மாலை 4:02)

ஏன் 2022ல ஒரேயடியா இவ்ளோ ஏத்துனாங்க? வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 8, மாலை 5:25)

நல்ல கேள்வி, இதுக்கு எந்தக் கட்சிக்காரரும் நேரா பதில் சொல்ல மாட்டாங்க, ஏன்னா எல்லார் கையிலயும் இது இருந்துச்சு. சென்னையில 1998க்கு அப்புறம் பொது சீராய்வே, அதாவது எல்லாருக்கும் மொத்தமா வரியைத் திருத்திப் போடறதே, பண்ணல, மத்த ஊர்கள்ல 2008க்கு அப்புறம் பண்ணல. பெட்ரோல், சம்பளம், சிமெண்ட்டு எல்லாம் ஏறிக்கிட்டே இருக்கு, தெருவிளக்குக்கும் குப்பை லாரிக்கும் வர்ற பணம் மட்டும் அப்படியே நிக்குது. தேர்தல் பயம், வேறென்ன. 2018 ஜூலையில ஒரு தடவை ஏத்துனாங்க, குடியிருப்புக்கு 50 சதவீதம் வரைக்கும், மத்ததுக்கு 100 வரைக்கும்னு. ஊரே கொந்தளிச்சுது, 2019 நவம்பர்ல நிறுத்தி வச்சு, கூடக் கட்டுன பணத்தை அடுத்த அரையாண்டுகள்ல சரிக்கட்டறோம்னுட்டாங்க. அப்புறம் மத்திய அரசோட 15வது நிதிக்குழு, சொத்து வரியை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏத்தாப்ல ஏத்தினாத்தான் நகரங்களுக்கு மானியம்னு நிபந்தனை வச்சதும் வேற வழியில்லாம 2022ல போட்டாங்க.

என் சொந்தக் கருத்து ஒண்ணு, யாரும் கோவிச்சுக்காதீங்க. ஏத்துனது தப்பில்ல, ஏத்துன விதம் தப்பு. பழைய வரி மேல சதவீதம் போட்டா பழைய அநியாயமும் சேர்ந்து ஏறும். நல்ல ஏரியாவுல நாப்பது வருஷத்துக்கு முன்னாடி குறைச்சு அசெஸ் பண்ணுன பங்களாவுக்கு சின்ன தொகை, அதுல 150 ஏறினாலும் சின்ன தொகைதான். அதே தெருவுல புதுசா லோன் போட்டு ஃபிளாட் வாங்குன பையனுக்கு முழு ரேட்டு, அது மேல சதவீதம். எல்லாக் கட்டடத்தையும் புதுசா அளந்து ஒரே கோலால போட்டிருந்தா பாதிப் பேருக்கு ஏறியே இருக்காது. அதுக்கு ஆள் இல்ல, இருக்கிற பில் கலெக்டரு ஆயிரக்கணக்கான வீட்டைப் பாத்துக்கணும்.

வீடுவாங்கின_விஜி (ஏப்ரல் 17, இரவு 9:10)

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ நாள் கழிச்சு வர்றதுக்கு மன்னிக்கணும். அப்டேட். மேரி அக்கா சொன்ன மாதிரி பத்திரத்துல அந்த பாரா இருந்துச்சு, பழைய ஓனருக்கு அனுப்புனேன். முதல்ல "நான் கட்டிட்டேனே"ன்னாரு, ரசீது கேட்டதும் கொஞ்ச நேரம் பதில் இல்ல, அப்புறம் அபராதத்தோட சேர்த்து ஜிபே பண்ணிட்டாரு. பாக்கியைத் தீர்த்துட்டு நடப்பு அரையாண்டையும் கட்டிட்டேன், 5 சதவீதம் கிடைச்சுது. வணிக ரேட்டுலதான் கட்டியிருக்கேன், பரவால்ல.

பேர் மாற்றத்துக்கு கொடுத்தாச்சு. ஆர்ஐ சார், அந்த ரூமுக்கு நிஜமாவே தனி மீட்டர் இருக்கு, கமர்ஷியல்தான்! பேரை மட்டும் மாத்திட்டு டாரிஃபைக் கவனிக்காம விட்டிருக்கோம், அவர் கடை மூடியும் அதுக்கு இத்தனை மாசம் ஈபியும் கூட கட்டியிருக்கோம்னு இப்பத்தான் தெரியுது. அதை மாத்த அப்ளை பண்ணியிருக்கோம். ஆபீஸ் வாசல்ல ஒருத்தர் வந்து "நான் முடிச்சுத் தரேன் மேடம், சாருக்கு கொஞ்சம் பாத்துக்கலாம்"னாரு, வேண்டாம்னுட்டேன்.

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 18, காலை 6:40)

நல்லது மேடம். அந்த ஆளுகிட்ட கொடுக்காதது சரி, பயன்பாடு மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் எதுனா இருந்தா கவுண்ட்டர்ல ரசீதோட கட்டுங்க. மனு கொடுத்ததுக்கு ஒப்புகை எண் வாங்கி வைங்க, அந்தத் தேதிதான் உங்களுக்கு முக்கியம், செப்டம்பர் முடியறதுக்குள்ள இருக்கணும். ஷட்டரைக் கழட்டிட்டு ஒரு சாதாரண ஜன்னலோ கதவோ வச்சுட்டீங்கன்னா இன்னும் நல்லது, ஷட்டர் இருக்கிறவரை பாக்குறவனுக்கு கடைதான் கண்ணுல படும்.

குறைக்க மாட்டோம்னு எழுத்துல கொடுத்தா அதை வச்சு மேல்முறையீட்டுக்குப் போகலாம். வாய்ல சொன்னா அதை வச்சு எங்கயும் போக முடியாது, எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க.

ஆதம்பாக்கம்_அப்பு (ஏப்ரல் 18, காலை 9:33)

சார் மெட்ரோ வாட்டர் பில்லும் இதோட சேர்ந்ததா? எங்களுக்கு கனெக்ஷனே இன்னும் கொடுக்கல, வரி மட்டும் வருது.

ரிட்டயர்டு_ஆர்ஐ (ஏப்ரல் 18, காலை 10:01)

தனி. குடிநீர் கழிவுநீர் வாரியத்துக்கு வரி ஒண்ணு, கட்டணம் ஒண்ணு. வரி உங்க ஆண்டு மதிப்புல 7 சதவீதம், கனெக்ஷன் இல்லன்னாலும் வரும். கட்டணம்தான் கனெக்ஷன் கொடுத்தப்புறம். மாநகராட்சியில உங்க ஆண்டு மதிப்பு தப்பா இருந்தா அந்தத் தப்பு அங்கயும் போய் உக்காந்திருக்கும், அதனால அந்த 35 சதுரடியை சரி பண்ணினா ரெண்டு இடத்துலயும் குறையும்.

ஆதம்பாக்கம்_அப்பு (ஏப்ரல் 18, காலை 10:07)

அப்ப ஷெட்டைப் பிரிச்சுடலாம்னு முடிவே பண்ணிட்டேன் சார். பிரிச்சுட்டுத்தான் அளக்கக் கூப்பிடுவேன்.